எழுத்தில்லாத புத்தகம்

நவம்பர் 18, திங்கள்

புத்தகப் பெட்டி இன்று வந்துவிட்டது. மொத்தம் இருபத்து நான்கு. பெரும்பாலும் குழந்தைகளுக்கான படப்புத்தகங்கள், நாலைந்து மட்டும் கட்டம் கட்டமாகப் படம் போட்ட பெரிய கதைகள். அவற்றை கிராபிக் நாவல் என்று சொல்ல வேண்டுமாம். நாங்கள் காமிக்ஸ் என்று சொல்லிப் பாடப்புத்தகத்துக்குள் ஒளித்துப் படித்ததுதான். இப்போது அட்டை கெட்டியாகி மரியாதை வந்துவிட்டது.

ஓர் அறக்கட்டளை உடுமலையைச் சுற்றியுள்ள அறுபது கிராமப் பள்ளிகளுக்கு நூலகம் அமைத்துத் தருகிறது. எந்தப் புத்தகம் போகலாம் என்று படித்துச் சொல்ல மூன்று பேர். நூலகர் ரெஜினா மேடம், ஓவிய ஆசிரியர் துரைவேல் சார், ஐந்தாம் வகுப்பு டீச்சராகிய நான். மூவரும் சரி என்றால்தான் புத்தகம் போகும். ஒருவர் வேண்டாம் என்று எழுதினாலும் போகாது. டிசம்பர் 14 சனிக்கிழமை நூலகத்தில் கூடிப் பேச வேண்டும்.

ரெஜினா மேடம் இரண்டு கட்டளை போட்டிருக்கிறார். முதல் தடவை எழுத்தைப் படிக்கக் கூடாது. கையால் மறைத்துக்கொண்டு படத்தை மட்டும் பார்க்க வேண்டும், குழந்தை அப்படித்தான் பார்க்குமாம். இரண்டாவது, தோன்றியதை அன்றன்றைக்கே ஒரு நோட்டில் எழுத வேண்டும். அந்த நோட்டுதான் இது. மேடம் இதை வாங்கிப் பார்த்தாலும் பார்ப்பார் என்பதால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: 'அவர்' என்று எழுதினால் என் வீட்டுக்காரர் ஈஸ்வரமூர்த்தி. மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர், மாலையில் வீட்டிலேயே டியூஷன். மிரு என்றால் என் மகள் மிருதுளா, நான்காம் வகுப்பு, நான் வேலை பார்க்கும் பள்ளியிலேயே படிக்கிறாள்.

அவர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, நாற்பது வயதில் பொம்மை பார்ப்பதற்கு ஒரு கமிட்டியா என்று சிரித்தார். நல்ல மனநிலையில் இருந்தார்.

நவம்பர் 20, புதன்

ஆறு புத்தகம் பார்த்தேன். அதில் நான்கில் முயல். எல்லாம் ஒழுக்கமான முயல்கள். மூன்றாம் பக்கத்தில் ஒரு தப்பு செய்கின்றன, எட்டாம் பக்கத்தில் அழுகின்றன, கடைசிப் பக்கத்தில் பல் துலக்கிவிட்டுத் தூங்குகின்றன. என் வகுப்பில் இப்படி ஒரு பிள்ளைகூடக் கிடையாது. நான்கில் ஒரு முயலை வேண்டுமானால் அனுப்பலாம்.

ஒன்று மட்டும் பிடித்தது. ஓர் எருமை குளிக்கப் போகிறது, அவ்வளவுதான் கதை. எருமை பெரிதாக இருப்பதால் பக்கத்துக்குள் அடங்கவில்லை. கொம்பு ஒரு பக்கத்தில், முதுகு இரண்டு பக்கத்தில், வால் அதற்கும் அடுத்த பக்கத்தில். வால் வந்ததும் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். உடனே வாயைப் பொத்திக்கொண்டேன், முன்னறையில் டியூஷன் நடந்துகொண்டிருந்தது. மிரு எட்டிப் பார்த்து, யாருக்காவது கேட்டதா என்று கண்ணாலேயே கேட்டாள். இல்லை என்று தலையசைத்தேன். அப்புறம் இரண்டு பேரும் சத்தமில்லாமல் சிரித்தோம்.

நவம்பர் 23, சனி

திங்கட்கிழமை எழுதிய பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு 'சரி' போட்டிருக்கிறது. 'நல்ல மனநிலையில் இருந்தார்' என்ற வரிக்கு அடியில் கோடு. புதன்கிழமைப் பக்கத்தில், வாய்விட்டுச் சிரித்தேன் என்ற இடத்தில் ஒரு கேள்விக்குறி.

அவர் ஆசிரியர் இல்லையா, எதைப் பார்த்தாலும் திருத்தத்தான் கை போகும். படிக்கட்டும். மறைத்து எழுத இதில் என்ன இருக்கிறது.

அவர் மிகவும் பொறுமையானவர். அவரிடம் டியூஷன் படித்த பிள்ளைகள் பத்து வருடம் கழித்தும் வந்து காலில் விழுந்து கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள்.

நவம்பர் 27, புதன்

மூன்று நாளாக எழுதவில்லை. குளியலறையில் வழுக்கி இடது மணிக்கட்டு வீங்கிவிட்டது. பெட்டியிலிருந்த பெரிய புத்தகங்களைத் தூக்கிப் பிடிக்க முடியவில்லை.

இன்று ஒரு கிராபிக் நாவலை மேசையில் வைத்தே படித்தேன். உப்பளத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணின் கதை, முழுக்கக் கறுப்பு வெள்ளை. முதலில் எந்தக் கட்டத்திலிருந்து எந்தக் கட்டத்துக்குப் போவது என்றே தெரியாமல் திண்டாடினேன். பத்து பக்கம் போனதும் பிடிபட்டுவிட்டது. இந்த மாதிரிப் புத்தகத்தில் கட்டத்தைப் பார்த்தால் மட்டும் போதாது, கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவில் ஒரு விரல் அகலத்துக்கு வெள்ளையாக விட்டிருக்கிறார்களே, அதையும் பார்க்க வேண்டும். ஒரு கட்டத்தில் மேஸ்திரி கையை ஓங்குகிறான். அடுத்த கட்டத்தில் அந்தப் பெண் குனிந்து கூடையை எடுத்துக்கொண்டிருக்கிறாள். நடுவில் நடந்ததை யாரும் வரையவில்லை. நாமேதான் போட்டுக்கொள்ள வேண்டும்.

துரைவேல் சாருக்கு இது ரொம்பப் பிடிக்கும். எனக்கும் பிடித்தது, ஆனால் ஐந்தாம் வகுப்புக்குக் கொஞ்சம் கனம். 'வயது பன்னிரண்டுக்கு மேல்' என்று படிவத்தில் எழுதினேன்.

டிசம்பர் 1, ஞாயிறு

பெட்டியின் அடியில் கிடந்த கடைசிப் புத்தகம். 'பொழுது சாயும்போது' என்று பெயர். அட்டையைத் தவிர உள்ளே எழுத்தே கிடையாது. கையால் மறைக்கும் வேலை மிச்சம்.

ஒரு வீடு, ஓர் அம்மா, ஒரு சிறுமி. முதல் பத்துப் பக்கம் நல்ல வெளிச்சம். சிறுமி தரையில் படுத்துக்கொண்டு வரைகிறாள், அம்மா வெங்காயம் நறுக்குகிறாள், ரேடியோ பாடுகிறது. பிறகு ஜன்னலில் நிறம் மாறுகிறது, சாயங்காலம். ரேடியோவை நிறுத்துகிறார்கள். சிறுமி கொலுசைக் கழற்றிப் பஞ்சு வைத்த டப்பாவுக்குள் போடுகிறாள். அம்மா குக்கரை விசில் வருவதற்கு முன்பே அணைக்கிறாள். ஒரு துண்டை நான்காக மடித்து அதன் மேல் சாப்பாட்டுத் தட்டுகளை வைக்கிறாள். கடைசிப் பக்கத்தில் வாசலில் ஒரு ஜோடி செருப்பு. அவ்வளவுதான், புத்தகம் முடிந்துவிட்டது.

வரைந்தவர் கவனமான ஆள். ஒரு தப்புகூடக் கண்டுபிடிக்க முடியவில்லை. குக்கரை முன்பே அணைத்தாலும் அரை மணி நேரம் திறக்காமல் வைத்தால் பருப்பு வெந்துவிடும், அதுவும் சரிதான். ஆனால் இதில் கதை எங்கே? ஒன்றுமே நடக்கவில்லையே. படிவத்தில் இப்படி எழுதினேன்: 'ஒழுங்கான, அமைதியான குடும்பத்தின் ஒரு மாலைப்பொழுது. மென்மையான படங்கள். விறுவிறுப்பு குறைவு. ஆட்சேபம் எதுவும் இல்லை. ஆறு வயது முதல் கொடுக்கலாம்.'

மிரு அதை மூன்று தடவை புரட்டினாள். மூன்றாவது தடவை அந்தச் சிறுமியின் மேல் விரலை வைத்து, "இவ தப்பான எடத்துல நிக்கறாம்மா" என்றாள். எங்கே நிற்க வேண்டும் என்று கேட்டேன். பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் நிற்க வேண்டும், அங்கே நின்றால் வாசலிலிருந்து தெரியாது என்றாள். இந்த வயதில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒளிந்து விளையாடுவது பிடிக்கும்.

டிசம்பர் 4, புதன்

மிருவுக்கு இனிமேல் அவரே கணக்குச் சொல்லித் தரப் போகிறார். அடுத்த வாரம் அவளுக்குக் கணக்குத் தேர்வு. ஊரான் பிள்ளையெல்லாம் தன்னிடம் படித்து முன்னுக்கு வரும்போது தன் பிள்ளை எழுபதில் நிற்பதா என்று கேட்டார். நியாயம்தான். எண்பதுக்குக் கீழே வந்தால் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார்.

அவளுக்கு நானே சொல்லித் தருகிறேன் என்றேன். இரண்டு தடவை சொன்னேன். இரண்டாவது தடவை சொல்லியிருக்க வேண்டியதில்லை.

இதுவரைக்கும் அவர் மிருவின் படிப்பில் தலையிட்டதில்லை. அவளிடம் குரல் உயர்த்திக்கூடப் பேசியதில்லை. அது எனக்கு ஒரு பெரிய ஆறுதலாக இருந்தது.

டிசம்பர் 5, வியாழன்

இன்றிலிருந்து இந்த நோட்டு பள்ளிக்கூடத்தில் என் பீரோவில் இருக்கும். கமிட்டி வேலையை இங்கே வைத்துப் பார்ப்பதுதான் வசதி.

டிசம்பர் 6, வெள்ளி

மதியச் சாப்பாட்டுக்கு மிரு ஸ்பூன் கேட்டாள், வலது கையை மடியைவிட்டு எடுக்கவே இல்லை.

டிசம்பர் 11, புதன்

நான்காம் வகுப்பு லோகநாயகி டீச்சர் கணக்குத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தார். போகிற போக்கில் பார்ப்பதுபோல் பார்த்தேன். மிருவுக்கு ஐம்பத்தெட்டு. போன தடவை எழுபத்திரண்டு. ஒரு வாரம் அவரிடம் படித்த பிறகு பதினான்கு மதிப்பெண் குறைந்திருக்கிறது.

தாளைப் பார்த்தேன். தெரியாமல் விட்ட கணக்கு இல்லை. விட்டதையெல்லாம் முதலில் சரியாகப் போட்டு, அழித்து, மறுபடி போட்டு, மறுபடி அழித்துக் கடைசியில் காலியாக விட்டிருக்கிறாள். தாள் அங்கங்கே கிழிந்துபோயிருந்தது. லோகநாயகி டீச்சர், உங்கள் பெண் ஏன் இப்படிப் பயப்படுகிறாள் என்று கேட்டார். பரீட்சை என்றாலே அப்படித்தான் என்றேன்.

தாளைத் திங்கட்கிழமை கொடுத்தால் போதுமே என்று கேட்டுக்கொண்டேன். சரி என்றார். பதினாறு வருடமாகப் பெற்றோர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து, மதிப்பெண்ணுக்காகப் பிள்ளையை அடிக்காதீர்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். எனக்கே வெட்கமாக இருந்தது.

திங்கட்கிழமைக்குள் என்ன மாறிவிடப் போகிறது என்று எனக்குத் தெரியவில்லை.

டிசம்பர் 13, வெள்ளி

மதிய இடைவேளையில் எழுதுகிறேன். அவர் நேற்றே லோகநாயகி டீச்சருக்குப் போன் செய்து மதிப்பெண்ணைக் கேட்டுவிட்டார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. காலையில் நான் கிளம்பும்போதுதான், தாளை இன்றைக்கே வாங்கி வந்துவிடு என்றார். நாளைக்குப் பகல் முழுக்க அவருக்கு டியூஷன் இருக்கிறது. சாயங்காலம் எல்லோரும் போன பிறகு தாளை வைத்துக்கொண்டு மிருவோடு உட்காரலாம் என்றார். மெதுவாகத்தான் சொன்னார். அவர் சத்தம் போட்டால் எனக்கு இவ்வளவு பயம் வராது.

நாளைக் கூட்டத்துக்கு மிருவையும் அழைத்துப் போகட்டுமா என்று கேட்டேன். யோசித்துவிட்டுச் சரி என்றார். தப்பாகப் போட்ட கணக்கையெல்லாம் அங்கேயே உட்கார்ந்து பத்துப் பத்து தடவை எழுதட்டும், ஆறு மணிக்குள் இரண்டு பேரும் வீட்டில் இருக்க வேண்டும் என்றார்.

டிசம்பர் 14, சனி

ஒன்றையும் விடாமல் எழுதப் போகிறேன்.

போகிற வழியில் பள்ளிக்கூடத்திலிருந்து இந்த நோட்டை எடுத்துக்கொண்டேன். கூட்டம் பதினோரு மணிக்குத் தொடங்கியது. மிருவை வெளியே வாசிப்பறையில் உட்கார வைத்தேன். முயல்களில் மூன்று தோற்றன. எருமைக்கு மூன்று பேரும் கை தூக்கினோம். உப்பளக் கதைக்குத் துரைவேல் சார் அரை மணி நேரம் வாதாடினார், பெரிய பிள்ளைகளுக்கு என்று முடிவானது. எல்லாம் கலகலப்பாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நான்கூட நேரத்தை மறந்திருந்தேன்.

கடைசியாக அந்த எழுத்தில்லாத புத்தகம். துரைவேல் சார் படிவத்தில் வேண்டாம் என்று எழுதியிருந்தார். படம் வரைந்த விதத்தில் ஒரு குறையும் இல்லை, ஆனால் இதைப் பார்த்த அன்று தனக்கே மனசு சரியில்லாமல் போய்விட்டது, சின்னப் பிள்ளைகள் பயந்துவிடும் என்றார். ரெஜினா மேடமும் இரண்டு மனமாகத்தான் இருந்தார். பிறகு மேடம் என் படிவத்தை எடுத்துப் படித்தார். 'ஒழுங்கான, அமைதியான குடும்பம்' என்ற இடம் வந்ததும் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

இதில் பயப்பட என்ன இருக்கிறது என்று கேட்டேன். உண்மையாகவே புரியாமல்தான் கேட்டேன்.

துரைவேல் சார் புத்தகத்தை என் பக்கம் திருப்பினார். எல்லாம் தனக்குப் புரிகிறது, இந்த ஒரு பக்கம் மட்டும் பிடிபடவில்லை, தட்டுக்கு அடியில் எதற்குத் துண்டை மடித்துப் போடுகிறாள், அழுக்குப் படாமல் இருக்கவா என்று கேட்டார்.

"தட்டு வைக்கற சத்தம் கேக்கக் கூடாதுங்களே சார். ஒத்தத் துண்டு போட்டா பத்தாது, நாலா மடிச்சாத்தான் சத்தம் வராது" என்றேன்.

சொல்லி முடித்த பிறகும் நான் அதே பக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது துரைவேல் சார் என் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டென்று எழுந்து, டீ சொல்லிவிட்டு வருகிறேன் என்று வெளியே போய்விட்டார். நல்ல மனிதர்.

ரெஜினா மேடம் ஆறுதல் சொல்லவில்லை, கையைப் பிடிக்கவில்லை. சொல்லியிருந்தால், பிடித்திருந்தால், ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். எனக்கு நன்றாகப் பழகிப்போன வேலை அது. மேடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"உங்க பொண்ணும் துண்டு மடிச்சுப் போடுவாளா டீச்சர்?"

"ரெண்டு வருசமா அவதான் போடறா" என்றேன்.

அதைச் சொல்லும்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அடிவாங்கிய நாளில்கூட அப்படி அழுததில்லை. எழுதிவிட்டேன். அடி. குளியலறையில் வழுக்கவில்லை. நவம்பர் இருபத்து மூன்றாம் தேதி சனிக்கிழமை, நோட்டில் வாய்விட்டுச் சிரித்ததாக எழுதினாயே, யாரைப் பார்த்துச் சிரித்தாய் என்று கேட்டு அவர் என் கையை முறுக்கினார். அதற்கு முன்பு நடந்தவற்றையெல்லாம் எழுத இந்த நோட்டு போதாது. மிருவின் உள்ளங்கையில் ஆறு கோடு இருக்கிறது, ஒரு தப்புக்கு ஒன்று. தாளில் இருக்கும் தப்புகளை நேற்று நான் எண்ணிப் பார்த்தேன். பதினேழு.

துரைவேல் சார் டீயோடு வந்தார். என் முகத்தைப் பார்க்காமலே, புத்தகத்துக்கு என்ன முடிவு எழுதலாம் என்று கேட்டார். வேண்டாம் என்றே இருக்கட்டும் என்று மேடம் சொன்னார்.

நான் ஒத்துக்கொள்ளவில்லை. "இது போகோணுங்க மேடம். படிச்ச பிள்ளைக எல்லாம் பயப்படும், பயந்தா பரவால்ல. அறுவது பள்ளிக்கூடத்துல எங்கயாச்சும் ஒரு பிள்ளை, இதுல என்ன டீச்சர் இருக்குது, எங்கூட்லயும் இப்படித்தான்னு சொல்லும். அந்தப் பிள்ளை யாருன்னு டீச்சருக்குத் தெரியோணுமில்ல."

துரைவேல் சார் தன் படிவத்தில் எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுதினார். நானும் என்னுடையதை அடித்தேன்.

அப்போது மணி நாலரை. ஐந்தேகால் பஸ்ஸைப் பிடித்தால் ஆறு மணிக்கு வீட்டில் இருக்கலாம். என் கால்கள் தாமாகவே எழுந்து நின்றன, பையை எடுத்து மாட்டிக்கொண்டேன், மிருவைக் கூப்பிட்டேன். அவள் கணக்கு நோட்டை மூடிவிட்டு வந்தாள். ஒரு கணக்கைக்கூட எழுதியிருக்கவில்லை. ஏன் என்று கேட்டேன். எழுதினாலும் எழுதாவிட்டாலும் அதேதானே என்றாள். ஒன்பது வயது.

பையைக் கழற்றி மேசை மேல் வைத்தேன்.

ஆறு மணி ஆனதும் போன் அடிக்க ஆரம்பித்தது. நாங்கள் அப்போது ரெஜினா மேடத்தின் வீட்டில் இருந்தோம். மேடமும் அவருடைய தங்கையும் மட்டும் இருக்கிற வீடு. ஆறு, ஆறே கால், ஆறரை. ஏழாவது தடவை எடுத்தேன். எத்தனை மணிக்கு வருகிறாய் என்று கேட்டார். அதே மெதுவான குரல். பக்கத்தில் மிரு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வரலீங்க" என்றேன்.

பிறகு, யார் வீட்டில் இருக்கிறாய் என்று கேட்டார். பதில் சொல்லாமல் போனை வைத்துவிட்டேன். பதின்மூன்று வருடத்தில் அவர் பேசி முடிக்கும் முன்பு நான் போனை வைத்தது இதுதான் முதல் தடவை. மேடம் கதவைத் தாழ் போட்டுவிட்டு வந்து, திங்கட்கிழமை காலையில் மகளிர் காவல் நிலையத்துக்குத் தானும் கூட வருவதாகச் சொன்னார். அதுவரைக்கும் அவர் இந்த வீட்டைக் கண்டுபிடிக்காமல் இருக்க வேண்டும். தெருவில் ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் நான் எழுந்து ஜன்னலைப் பார்த்தேன்.

டிசம்பர் 15, ஞாயிறு

யாரும் வரவில்லை.

காலையில் மேடத்தின் தங்கை தோசை சுட்டுக்கொண்டிருந்தார். முதல் தோசையைத் திருப்பும்போது அது கல்லைத் தாண்டிப் போய் அடுப்புக்குப் பின்னால் விழுந்துவிட்டது. மிரு சிரித்தாள். சின்னச் சிரிப்பாக ஆரம்பித்து, அடக்க முடியாமல் பெரிதாகிவிட்டது. என் மகளுக்கு இப்படி ஒரு சிரிப்பு இருப்பது எனக்குத் தெரியாது. கணீரென்று இருந்தது.

"உஷ்" என்றேன்.

என்னையும் அறியாமல்தான் சொன்னேன். சிரிப்பு அந்த நொடியே நின்றுவிட்டது, யாரோ சுவிட்சை அணைத்ததுபோல. மிரு வாயைப் பொத்திக்கொண்டு வாசலைப் பார்த்தாள். வாசலில் மேடத்தின் சைக்கிளைத் தவிர ஒன்றும் இல்லை.

இத்தனை வருடமாக அவர்தான் இந்தப் பிள்ளையின் வாயை அடைத்துவைத்திருக்கிறார் என்று நினைத்திருந்தேன். அவர் ஒரு தடவைகூட அவளிடம் உஷ் என்று சொன்னதில்லை. சொன்னதெல்லாம் நான். அவள் நடக்கப் பழகிய நாளிலிருந்து, ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று கணக்கே இல்லை. அவளைக் காப்பாற்றத்தான் சொன்னேன். ஆனாலும் சொன்னது நான்தான்.

அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, வாய் மேலிருந்த கையை எடுத்துவிட்டேன். அம்மா தெரியாமல் சொல்லிவிட்டேன், இங்கே யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், நீ சிரி கண்ணு என்றேன்.

அவள் மேடத்தைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள், பிறகு என் காதருகில் வந்து ரகசியமாகக் கேட்டாள்.

"எவ்வளவு சத்தமாம்மா சிரிக்கலாம்?"